காவேரிப்பட்டணத்தில் ஓடுவது காவிரி அல்ல: நாவலாசிரியர் ஒருவருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் புதிய நாவலின் இரண்டாம் பதிப்பு வரப்போவதாக அறிவிப்பு பார்த்தோம். அதனால் இந்த மடலை இனியும் தள்ளிப்போட மனமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களையும் களமாக்கியிருக்கிறீர்கள். ஊர்ப் பெயர்களை மாற்றவில்லை. முதல் பக்கத்தில் வரைபடமே போட்டிருக்கிறீர்கள். முன்னுரையில் இது கள ஆய்வு செய்து எழுதியது என்கிறீர்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்கள், கேழ்வரகும் தக்காளியும் போடுபவர்கள், பள்ளி ஆசிரியர்கள், குடிநீர் வேலை பார்ப்பவர்கள் என்று உங்கள் வாசகர்கள் பலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாவலில் எங்கள் தொழில் தப்பு, ஆறு தப்பு, தண்ணீர் தப்பு. எங்கே தப்பு, ஏன் தப்பு, சரி எது என்று சொல்லிவிடுகிறோம்.

பட்டுக்கூட்டிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் தொங்குகிறது. நாயகி நூறு முட்டைத்தொகுதி (ஓர் அந்துப்பூச்சி இடும் முட்டைகள் ஒரு தொகுதி) புழு வளர்க்கிறாள். கூடு நன்றாக விளைகிறது. விலை கீழே கிடப்பதால் கூட்டை, புழு கூடு கட்டும் தட்டான சந்திரிகையிலேயே ஒரு மாதம் விட்டுவைக்கிறாள். அந்த ஒரு மாதத்தில் கடன்காரன் வாசலுக்கு வருகிறான், கணவன் கோபித்துக்கொண்டு போகிறான், மாமியார் படுக்கையில் விழுகிறாள். மாதக் கடைசியில் விலை ஏறுகிறது. விற்கிறாள், கடன் அடைகிறது. காத்திருக்கத் தெரிந்தவள் என்று ஊர் அவளைக் கொண்டாடுகிறது.

ஐயா, பட்டுக்கூட்டை ஒரு மாதம் வைத்திருக்கவே முடியாது. உள்ளே இருப்பது உயிர். தின்று முடித்துப் பழுத்த புழுவைச் சந்திரிகையில் விட்டால் இரண்டு மூன்று நாளில் நூல் சுற்றி முடிக்கும். பிறகு உள்ளேயே கூட்டுப்புழுவாக மாறும். மாறித் தோல் இறுகும்வரை பொறுத்து, விட்ட நாளிலிருந்து ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கூட்டைப் பிரிக்க வேண்டும். குளிர்காலமானால் ஒரு நாள் கூடும். முந்திப் பிரித்தால் இளசாக இருக்கும் புழு உள்ளே நசுங்கிக் கூட்டில் கறை ஏறும். பிந்தினால் கூட்டுப்புழுவின் ஈரம் வற்றி எடை நாளுக்கு நாள் இறங்கும். சுமார் இரண்டு வாரத்தில் அந்துப்பூச்சி ஒருவகை நீரைக் கக்கிக் கூட்டின் முனையை இளக்கி, துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். துளை விழுந்த கூட்டிலிருந்து நூல் எடுக்க முடியாது. ஆயிரம் மீட்டர் அளவுக்கு ஒரே இழையாக வரவேண்டியது துண்டு துண்டாக அறும். அது கழிவுப் பட்டாகப் போகும், கழிவு விலைதான் கிடைக்கும். உங்கள் நாயகி மாதக் கடைசியில் அங்காடிக்குக் கொண்டுபோனது ஓட்டைக் கூடும், அதன்மேல் செத்து ஒட்டிய பூச்சிகளும்தான்.

கூட்டைப் பிரித்த அன்றோ மறுநாளோ அங்காடிக்குப் போயாக வேண்டும். அங்கே ஏலத்தில் என்ன விலை விழுகிறதோ அதுதான் விலை. வாங்கும் நூற்பாளர் கூட்டைச் சூடேற்றி உலர்த்தி, உள்ளிருப்பதைக் கொன்று, வேண்டிய நாள் வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் காத்திருக்க வழி உண்டு. வளர்த்தவருக்கு இல்லை. கேழ்வரகைப் பூச்சி அண்டாமல் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். புளியை உப்புப் போட்டுப் பானையில் அடைக்கலாம். பட்டுக்கூட்டை மட்டும் எதிலும் அடைக்க முடியாது. இந்தத் தொழிலின் வலி முழுவதும் அந்த நாலைந்து நாளுக்குள் இருக்கிறது, ஐயா. நீங்கள் அதை எடுத்துவிட்டு, இங்கே எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத ஒரு வசதியை உங்கள் நாயகிக்குக் கொடுத்து, அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் குறைந்த விலைக்கு விற்றுவிட்டுக் கடனோடு திரும்பும் மற்றவர்கள் எல்லாம் பொறுமை இல்லாதவர்களா? நாவல் அப்படித்தான் சொல்கிறது. எங்களுக்குத் தைத்த இடம் இது.

புழு வளர்க்கும் மனைக்குள் நடப்பதும் சரியில்லை. இரவில் அவள் புழுத் தட்டுகளுக்கு நடுவே கொசுவத்தி கொளுத்தி வைக்கிறாள். கொசுவைக் கொல்லும் மருந்து பட்டுப்புழுவையும் கொல்லும். பாலக்கோட்டுப் பக்கம் அடுத்த தோட்டத்தில் தக்காளிக்கு அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரியில் பட்டாலே போதும். அந்தத் தழையைத் தின்ற புழு தலையைத் தூக்கி ஆட்டும், வாயால் கக்கும், உடம்பு சுருங்கிச் சாகும். அதனால்தான் பக்கத்துத் தோட்டக்காரரிடம் என்றைக்கு மருந்தடிக்கிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தழை வெட்டுகிறார்கள். புழுவின்மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஊசி ஈக்குக்கூட மனைக்குள் மருந்து தெளிப்பதில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் நைலான் வலை கட்டித் தடுக்கிறார்கள்.

தோலுரிப்பில் இருக்கும் புழுக்கள்மீது அவள் 'தாயின் பரிவோடு' தழை தூவுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு நாள் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். அப்போது தழை போடக்கூடாது. சுண்ணாம்புத் தூள் தூவிப் படுக்கையைக் காயவிட வேண்டும். பெரும்பாலானவை தோலுரித்து எழுந்த பிறகே முதல் தழை. அதற்கு முன்பே போட்டால் முந்தி எழுந்தவை தின்று பெருத்துவிடும், பிந்தியவை சிறுத்துப் போகும். ஒரே தட்டில் மூன்று அளவுப் புழு இருக்கும். கூடு ஒரே நாளில் கட்டாது, ஈரப் படுக்கையில் நோயும் தொற்றும். பரிவு தழை போடுவதில் இல்லை, அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில் இருக்கிறது. நான்காம் தோலுரிப்புக்குப் பின் வரும் ஐந்தாம் பருவத்து ஏழெட்டு நாளில் நூறு முட்டைத்தொகுதியின் நாற்பது ஐம்பதாயிரம் புழுக்கள், தம் வாழ்நாள் முழுவதும் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தின்று தீர்க்கும். மனைக்கு வெளியே நின்றாலே ஓலைக்கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்கும். உங்கள் நாவலில் அந்த அறை 'மௌனத்தில் உறைந்திருக்கிறது'. அந்த வாரத்தில்தான் நாயகியை மூன்று நாள் திருவிழாவுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள்.

இத்தனையும் எழுதும்போது உங்கள் முதல் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. புளி தட்டும் பெண்களைப் பற்றிய அந்தக் கதைகளை இங்கே கையிலிருந்து கைக்கு மாற்றிப் படித்தோம். தை பிறந்ததும் தொரட்டியும் நீளக் கழியுமாக மரம் ஏறுவதில் தொடங்கி, காயவைத்து ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டி எடுப்பதுவரை எழுதியிருந்தீர்கள். ஈரம் இருந்தால் சதை கொட்டையோடு ஒட்டிக்கொண்டு வராது, அதிகம் காய்ந்தால் தூளாகும் என்று ஒரு வரி. ஓங்கி அடித்தால் கொட்டை உடைந்து சதைக்குள் சிதறும், பிறகு அந்தத் துணுக்கைப் பொறுக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்று அடுத்த வரி. உரிகம் புளியின் நீளத்தையும் பழைய புளி கறுத்துப்போவதையும் எழுதினீர்கள். எடை போட்டுக் கொடுத்த புளிக்குச் சதை, கொட்டை, நார், ஓடு என்று நான்கையும் வியாபாரி திருப்பி எடை பார்ப்பதை எழுதினீர்கள். குறைந்த எடைக்குக் கூலியில் பிடித்தம் என்று ஒரே வாக்கியம். அழுகை ஒரு வரி இல்லை. அந்த வாக்கியம் போதும், அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் தெரிந்தது. வேலையைத் தெரிந்தவர் எழுதினார் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னோம். கல் குவாரியை வைத்து எழுதிய முந்தைய நாவலில் தொய்வு தெரிந்தது. அவசரம் என்று விட்டுவிட்டோம். இந்த முறை விட முடியவில்லை.

தண்ணீர் விஷயத்தைக் கதைக் குறை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அது படிப்பவர் உடம்பைத் தொடுகிறது. நாவலில் பல்லெல்லாம் பழுப்பேறிய ஓர் ஊருக்கு ஆசிரியர் ஒருவர் வருகிறார். கிணற்று நீர் மஞ்சளாகக் கலங்கியிருக்கிறது. காய்ச்சிக் குடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். இரண்டே ஆண்டில் பிள்ளைகளின் பல் வெளுத்துவிடுகிறது.

அந்தப் பழுப்புக்குக் காரணம் ஃபுளோரைடு. இரண்டு மாவட்டமும் கடினப் பாறை நிலம். பாறை இடுக்கில் நெடுநாள் தங்கும் நீரில் ஃபுளோரைடு கரைந்து இறங்குகிறது. அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, கலங்கல் கிடையாது. கண்ணாடிபோல் தெளிந்த ஆழ்துளைக் குழாய் நீரும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டி நிற்கும். சோதித்துப் பார்த்தால் ஒழியத் தெரியாது. மஞ்சளாகக் கலங்கிய தண்ணீர் என்று எழுதினால், தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று படிப்பவர் நம்புவார். காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு ஆவியாகாது. ஒரு குடத்தைக் காய்ச்சி முக்கால் குடமாக்கினால் ஒரு குடத்து ஃபுளோரைடும் முக்கால் குடத்தில் நிற்கும். 1.5 இருந்தது 2 ஆகும். உங்கள் ஆசிரியர் சொன்னதைக் கேட்டு நடந்தால் நோய் கூடும்.

பல் வெளுப்பதும் நடக்காது. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், எனாமலிலேயே விழும் குறை அது. பல் முளைத்த பிறகு தண்ணீரை மாற்றினாலும் பழைய கறை அப்படியேதான் இருக்கும். நல்ல தண்ணீரின் பலன் அடுத்த பிள்ளைகளின் பல்லில்தான் தெரியும். நெடுங்காலம் குடித்த பெரியவர்களுக்கு முட்டியும் முதுகும் இறுகிக் குனிய முடியாமல் போவதை நீங்கள் தொடவே இல்லை. நீரிலிருந்து இதை எடுக்கப் படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறை இருக்கிறது. அலுமினா வடிகட்டி இருக்கிறது. சவ்வு வைத்து வடிக்கும் இயந்திரம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஃபுளோரைடு குறைந்த ஆற்று நீரைக் கொண்டுவருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் அதற்காகத்தான் வந்தது. உங்கள் கதை நடப்பது 2016-ல். அந்தத் திட்டம் ஓர் இடத்திலும் இல்லை. குழாய் நீர் போதாத நாளில் பழைய ஆழ்துளைக் குழாய்க்கே திரும்பிப் போகும் வீடுகளைப் பற்றி எழுதியிருந்தால் அது இன்றைய கதை. அதை எழுத உங்களால் முடியும் என்று நாங்கள் நம்பியதால்தான் இவ்வளவு வருத்தம்.

இனி ஆறு. கடைசிப் பகுதியில் காவேரிப்பட்டணத்தைக் காவிரி வெள்ளம் சூழ்கிறது. கபினி திறந்தார்கள், ஒகேனக்கல் நிரம்பியது, ஊருக்குள் காவிரி வந்தது என்று பதினைந்து பக்கம். காவேரிப்பட்டணத்தில் ஓடுவது தென்பெண்ணை, ஐயா. கர்நாடகத்தின் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி அணையைத் தாண்டிக் காவேரிப்பட்டணத்துக்கு வருகிறது. கடைசியில் கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. காவிரி மேற்கே ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்குப் போய்விடும். இரண்டுக்கும் இங்கே தொடர்பே இல்லை. பெயரைப் பார்த்து எழுதிவிட்டீர்கள். காவேரிப்பட்டணத்துக்காரர்கள் பயத்தோடு பார்ப்பது கிருஷ்ணகிரி அணையின் மதகை. 2017 நவம்பரில் அந்த அணையின் மதகு ஒன்று உடைந்தது. வெள்ளக் கதை வேண்டுமென்றால் உண்மையான அணையும் உண்மையான அச்சமும் பக்கத்திலேயே இருந்தன. அதேபோல ஓசூரிலிருந்து தருமபுரி வரும் பேருந்து தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் தடுமாறுகிறது. தொப்பூர் தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் இருக்கிறது. வடக்கிலிருந்து தருமபுரிக்கு வருகிற பேருந்து அங்கே போகவே போகாது.

வேடியப்பன் கோயிலைப் 'பேய்க்கல்' என்று எழுதியிருப்பது பலரைப் புண்படுத்தியிருக்கிறது. அது நடுகல். இங்கே எத்தனையோ ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். பயந்து ஒதுங்குவதில்லை. நகரத்திலிருந்து வரும் ஆய்வாளர் அதில் தமிழ்-பிராமி எழுத்தைப் படிக்கிறார். இந்தப் பகுதியில் கிடைத்த எழுத்துள்ள பழைய நடுகற்களில் மிகுதியானவை பல்லவர் காலத்து வட்டெழுத்தில் உள்ளவை. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் தொறு மீட்டுப் பட்டான் என்ற மாதிரி இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்துச் செத்தவனுக்கு நட்ட கல் அது. அரசனுக்காகக் குதிரையேறிப் போருக்குப் போனவன் என்று நீங்கள் மாற்றியதில் அந்த மாட்டுக்காரன் காணாமல் போய்விட்டான். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வைத்திருக்கிறார்கள். ஒரு பிற்பகல் போதும்.

கேழ்வரகுக் களியை நாயகன் 'மென்று மென்று' தின்கிறான். களியை மெல்ல மாட்டார்கள். குழம்பில் புரட்டி விழுங்குவார்கள். கிண்டுவதும் தப்பு. கொதிநீரில் மாவைத் தூவிக்கொண்டே கிளறினால் வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாகக் கட்டி கட்டியாக நிற்கும். நொய்யை முதலில் வேகவிட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்பால் குவியலில் குழி போட்டு, தீயைத் தணித்து மூடி வைக்க வேண்டும். அடிநீர் குழி வழியே பொங்கி மாவை வேகவைத்த பிறகுதான் பலங்கொண்டு கிண்டுவது. பொங்கலன்று கிருஷ்ணகிரித் தோப்பில் பழுத்த மாம்பழம் பறிப்பதும் வேண்டாம். தையில் மரம் பூவில் நிற்கும். செந்தூரா வருவதே சித்திரையில்தான். பெங்களூரா அதற்கும் பின்னால், நீலம் எல்லாவற்றுக்கும் கடைசி.

நாவல் புனைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். கற்பனை ஊர் ஒன்றைப் படைத்து, கற்பனை ஆறு ஒன்றை ஓடவிட்டிருந்தால் நாங்கள் வாய் திறந்திருக்க மாட்டோம். மெய்யான பெயர்களையும் வரைபடத்தையும் அச்சிட்டுவிட்டு, கள ஆய்வு என்றும் எழுதிவிட்ட பிறகு அந்தப் பதில் செல்லாது. நாவலில் வரும் வங்கி வேலை, நீதிமன்ற நடைமுறை இரண்டும் பிசகில்லாமல் இருக்கின்றன. அவற்றை யாரிடமோ கேட்டுச் சரிபார்த்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. புழு வளர்ப்பவரிடமும் களி கிண்டுபவரிடமும் கேட்கத் தோன்றவில்லை. அது ஏன் என்பதற்கு உங்களிடமிருந்து பதில் எதிர்பார்க்கிறோம்.

நாங்கள் கேட்பவை இவை. தண்ணீர் பற்றிய அத்தியாயத்தைத் திருத்தாமல் இரண்டாம் பதிப்பை அச்சுக்கு அனுப்ப வேண்டாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது என்று ஒரு திருத்தச் சீட்டு அச்சிட்டு, விற்காமல் இருக்கும் முதல் பதிப்புப் படிகளில் பதிப்பகம் ஒட்டித் தரட்டும். நூலகங்களுக்குப் போன படிகளுக்கும் அனுப்பட்டும். இது உடனே நடக்க வேண்டும்.

காவேரிப்பட்டணத்து வெள்ளத்தைத் தென்பெண்ணைக்கு மாற்றி எழுதுங்கள், அல்லது ஊரின் பெயரையும் வரைபடத்தையும் எடுத்துவிடுங்கள். 'பேய்க்கல்' என்ற சொல்லை நீக்குங்கள். பட்டுக்கூட்டுப் பகுதியை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது, கதையையே மாற்ற வேண்டியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மனமில்லையென்றால் முன்னுரையிலிருந்து 'கள ஆய்வு' என்ற சொற்களையாவது எடுத்துவிடுங்கள்.

அடுத்த புத்தகத்தை எங்கள் பக்கத்தை வைத்து எழுதுவதானால், அச்சுக்கு முன் அந்தந்தத் தொழில் செய்யும் நாலு பேரிடம் கையெழுத்துப் படியைக் கொடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்குப் பதிப்பகம் கூலி கொடுப்பதுபோல அவர்களுக்கும் கொடுக்கட்டும். ஓய்வு நாள் அவர்களுக்குக் கிடையாது. நீங்களும் ஒரு பயிர்க்காலம் வந்து தங்குங்கள். இளம்புழு வந்து இறங்கும் நாளிலிருந்து கூடு ஏலத்துக்குப் போகும் நாள்வரை ஒரு மாதம்கூட ஆகாது. தழை வெட்டும் நேரத்தில் வர வேண்டும், அங்காடிக்கும் கூடவே வர வேண்டும். வருவதானால் கொசுவத்தியும் வாசனைத் திரவியமும் இல்லாமல் வாருங்கள். மனை வாசலில் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போகலாம்.

இப்படிக்கு,
பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உங்கள் வாசகர்கள்